கூர்நோக்கு இல்லத்தில் ராத்திரி யார் பொறுப்பு?

ரமளான் பிறக்க இரண்டு வாரம் இருந்தது. இஷா முடிந்து பள்ளிவாசலில் விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தபோது எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பாய் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். "ஹஜ்ரத், பையனைப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. ஜெயில்ல போட்டுட்டாங்களாம்" என்றார். பையனுக்குப் பதினாறு வயது. கூட்டாளிகளோடு சேர்ந்து பைக் திருடியதாக வழக்கு. ஜெயில் இல்லை பாய், பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களை ஜெயிலிலோ லாக்கப்பிலோ வைக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை, கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பியிருப்பார்கள் என்று சொல்லி அவரை உட்கார வைத்தேன். அவருக்கு அது ஆறுதலாகத் தெரியவில்லை. "அங்க யாரு ஹஜ்ரத் பாத்துக்குவாங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் சரியான பதில் இல்லை. பிறகு சட்டத்தையும் விதிகளையும் எடுத்துப் படித்தேன். அந்தப் பையனைப் பார்க்க அவன் பெற்றோருடன் மூன்று முறை போனேன். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். நம் வீட்டுப் பிள்ளை அங்கே போகமாட்டான் என்று நினைக்கிறவர்களும் படிக்க வேண்டும். அந்த பாயும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

முதலில் பெயர்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஊரில் எல்லாவற்றையும் 'சீர்திருத்தப் பள்ளி' என்றுதான் சொல்கிறோம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் மூன்று வகை இடங்கள் உள்ளன. விசாரணை நடக்கும்போது தங்க வைக்கும் இடம் கூர்நோக்கு இல்லம். விசாரணை முடிந்து, குற்றத்தில் ஈடுபட்டது உண்மை என்று இளைஞர் நீதிக் குழுமம் முடிவு செய்தால் அனுப்புவது சிறப்பு இல்லம். அங்கே அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். பதினாறு வயது கடந்து கொடுங்குற்ற வழக்கில் சிக்கியவர்கள் போன்றோருக்குப் பாதுகாப்பு இடம் என்று தனியாக ஒன்று. ஆகவே கூர்நோக்கு இல்லத்தில் இருக்கும் பிள்ளை தண்டனை பெற்றவன் அல்லன். பதினெட்டு வயது வரை குற்ற மனம் இல்லாதவன் என்றே கருத வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. அவனை அங்கே வைத்திருப்பது பராமரிப்புக்காகத்தான் என்று சட்டம் சொல்கிறது. அந்த வார்த்தைக்குப் பொருள் இருக்கிறதா என்பது உள்ளே வேலை பார்க்கும் ஊழியர்களையும், அந்த ஊழியர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதையும் பொறுத்தது.

முதல் முறை போனபோது பையன் தலை குனிந்தே உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா அழுது முடித்த பிறகு, சாப்பாடு எப்படி, தொழ முடிகிறதா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கிளம்பும்போது மெதுவாகச் சொன்னான்: "பகல்ல ஒண்ணும் இல்ல ஹஜ்ரத். ராத்திரிதான்."

ராத்திரி என்ன என்று அப்போது அவன் சொல்லவில்லை. நானும் துருவிக் கேட்கவில்லை. பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து விதிகளைப் புரட்டியபோதுதான் எனக்குக் கொஞ்சம் விளங்கியது.

மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகள், நூறு பிள்ளைகள் இருக்கும் இல்லத்துக்கு எத்தனை ஊழியர்கள் வேண்டும் என்று ஒரு பட்டியல் தருகின்றன. ஒரு கண்காணிப்பாளர், நன்னடத்தை அலுவலர் அல்லது குழந்தைகள் நல அலுவலர் மூன்று பேர், ஆற்றுப்படுத்துநர் இரண்டு பேர், பிள்ளைகளோடு கூடவே இருந்து எழுப்பி, குளிக்க வைத்து, சாப்பிட வைத்து, தூங்க வைக்கிற இல்லத் தந்தை அல்லது இல்லத் தாய் நான்கு பேர். இன்னும் ஆசிரியர், சமையல்காரர், செவிலியர் என்று நீள்கிறது. நான்கு இல்லத் தந்தைகள் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளுக்கு மூன்று ஷிப்ட். வார விடுமுறை, காய்ச்சல், ஊரில் கல்யாணம் எல்லாம் போக ஒரு ஷிப்டுக்கு ஒருவர் மிஞ்சுவார். நூறு பிள்ளைகள் படுத்திருக்கும் கட்டடத்தில் ராத்திரி ஒரு மனிதர். அதுவும் எல்லா இடங்களும் நிரப்பப்பட்டிருந்தால்தான். வேலைப் பளுவுக்கு ஏற்ப எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளலாம் என்று விதியிலேயே இருக்கிறது. ஆனால் கூட்டுவதற்குச் சம்பளம் வேண்டுமே.

அமெரிக்காவில் பூட்டிவைக்கப்பட்ட சிறார் மையங்களுக்குக் கூட்டாட்சி அரசு வகுத்த தரத்தில், பிள்ளைகள் விழித்திருக்கும்போது எட்டுப் பேருக்கு ஒரு ஊழியர், தூங்கும்போது பதினாறு பேருக்கு ஒருவர் என்று இருக்கிறது. அங்கேயும் அது எல்லா இடத்திலும் நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அளவு எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்று காட்டவே சொல்கிறேன்.

ஆள் குறைவாக இருக்கிற இடத்தில் என்ன நடக்கும் என்பது ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கு எல்லாம் தெரியும். வாட்ச்மேன் வார்டன் வேலையைப் பார்ப்பார். கேட்டைக் காக்க வந்த மனிதருக்குப் பிள்ளைகளிடம் பேசுவதற்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் கத்துவதும் கம்பும்தான். அல்லது பெரிய பையன்களில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, 'நீ இவனுங்களைப் பாத்துக்க' என்று விட்டுவிடுவார்கள். அந்தப் பெரிய பையன்கள் ராத்திரி என்ன செய்தாலும் காலையில் யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால், நிர்வாகமே நடத்த முடியாது. எங்கள் மஹல்லாப் பையன் சொன்ன 'ராத்திரி' இதுதான் என்று பிறகு தெரிந்தது. அவனை யாரும் பெரிதாக அடித்துவிடவில்லை. பாயைப் பிடுங்கிக்கொண்டார்கள், மற்றவர்கள் துணியைத் துவைக்க வைத்தார்கள், தூங்கவிடவில்லை. பதினாறு வயதில் அது போதும்.

2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். ரயில்வேக்குச் சொந்தமான பொருளைத் திருடியதாகப் பிடிக்கப்பட்ட பதினேழு வயதுப் பையன், அரசினர் இல்லத்தில் சேர்க்கப்பட்டு இரண்டு நாளில் இறந்துபோனான். உடம்பு சரியில்லாமல் இறந்தான் என்று முதலில் சொல்லப்பட்டது. பிரேதப் பரிசோதனையில் காயங்கள் தெரியவந்தன. இல்லத்தின் ஊழியர்கள் ஆறு பேர் கைது செய்யப்பட்டார்கள். அந்தப் பிள்ளையின் பெயரை நான் எழுதவில்லை. பத்திரிகைகளில் வந்திருந்தாலும், சட்டத்தின் 74ஆம் பிரிவு இப்படிப்பட்ட பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது. அதன் பிறகு தமிழக அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தது. மாநிலத்தில் உள்ள இல்லங்களின் நிர்வாகத்தை ஆராய்ந்து அவர் 2023 நவம்பரில் முதலமைச்சரிடம் அறிக்கை கொடுத்தார்.

அந்தச் செய்தியைப் படித்தபோது எல்லோரையும் போல நானும், அடித்தவர்களுக்குத் தண்டனை கிடைக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். இப்போது கூடுதலாக ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. ஆறு பேர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒரு நாளில் முளைத்திருக்குமா? முதல் அறை விழுந்த அன்று, எத்தனையோ மாதங்களுக்கு முன்னால், அதைப் பார்த்த மேலதிகாரி யார்? அவர் என்ன செய்தார்?

இதைக் கேட்கும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்றால், நானும் ஒரு முறை கை நீட்டியவன். ஓதி முடித்துப் பட்டம் பெற்ற அடுத்த ஆண்டு, ஒரு மதரஸாவில் சிறு பிள்ளைகளின் விடுதிப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். எனக்கு இருபத்து நான்கு வயது. பகலில் பாடம், மாலையில் அஞ்சல்வழிப் பட்டப் படிப்புக்கான புத்தகங்கள், ராத்திரி நாற்பது பிள்ளைகள். கூட இருக்க வேண்டிய இன்னொரு உஸ்தாத் ஊருக்குப் போய்த் திரும்பி வரவில்லை. பதினொரு நாள் தொடர்ந்து நான் மட்டும். ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பையன் தண்ணீர்க் குடத்தை உருட்டிவிட்டுச் சிரித்தான். எழுந்து போய் அறைந்தேன். ஐந்து விரலும் கன்னத்தில் பதிந்தன.

காலையில் நாஜிர் ஹஜ்ரத் அழைத்தார். ஹதீஸ் சொல்லிக் கண்டிப்பார் என்று எதிர்பார்த்துத் தலை குனிந்து நின்றேன். அவர் கேட்டது இதுதான்: "மௌலவி, கடைசியா எப்ப முழுசாத் தூங்குனீங்க?" எனக்குப் பதில் வரவில்லை. அன்று முதல் ஒரு வாரம் விடுதியை அவரே பார்த்துக்கொண்டார். என்னைத் தூங்கச் சொன்னார். ஆனால் அத்தோடு விட்டுவிடவில்லை. அந்தப் பையனைத் தனியாக அழைத்து என்ன நடந்தது என்று கேட்டார். அவன் வாப்பாவுக்கு அவரே ஃபோன் செய்து, எங்கள் உஸ்தாத் உங்கள் மகனை அறைந்துவிட்டார் என்று மறைக்காமல் சொன்னார். விடுதிப் பதிவேட்டில் என்னையே எழுத வைத்தார். பையன் சிரித்தான், குடத்தை உருட்டினான் என்று நான் நீட்டி எழுதியதை அடிக்கச் சொல்லி, 'இன்னாரை அறைந்தேன்' என்ற ஒரு வரியை மட்டும் விட்டார். அடுத்த மாதம் இரண்டாவது ஆளைப் போடாமல் விடுதியைத் திறக்கமாட்டேன் என்று கமிட்டியிடம் சண்டை போட்டார். கமிட்டி அதை ரசிக்கவில்லை.

ஊழியரை மேற்பார்வை செய்வது என்றால் என்ன என்று இத்தனை வருடத்தில் எனக்குத் தெரிந்த விளக்கம் அந்த ஒரு வாரம்தான். அன்று அவர் என்னை விட்டுக்கொடுக்கவும் இல்லை, மூடி மறைக்கவும் இல்லை. நம்மில் பெரும்பாலான நிர்வாகங்கள் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்கின்றன. ஒன்று, கீழே உள்ளவனைப் பலிகொடுத்துத் தாங்கள் தப்பித்துக்கொள்வது. அல்லது 'நம்ம ஆளு' என்று அமுக்கிவிடுவது.

எழுதி வைப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இங்கிலாந்திலிருந்து ஓர் உதாரணம். கென்ட் மாகாணத்தில் மெட்வே என்ற இடத்தில் சிறாருக்கான பாதுகாப்புப் பயிற்சி மையம் இருந்தது. ஜி4எஸ் என்ற தனியார் நிறுவனம் நடத்தியது. எங்கும் கேமரா, விதிகள், படிவங்கள் எல்லாம் உண்டு. 2016 ஜனவரியில் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி, ஊழியராக உள்ளே போன ஒரு செய்தியாளர் ரகசியமாக எடுத்த காட்சிகளை வெளியிட்டது. பிள்ளைகளை அறைந்ததும், அதைத் தங்களுக்குள் பெருமையாகப் பேசிக்கொண்டதும், கேமராவுக்கு அடியிலும் கேமரா பார்க்காத மூலையிலும் வைத்துச் செய்ததும் குற்றச்சாட்டுகளாக வந்தன. கலவரம் நடந்ததாகப் பதிவானால் நிறுவனத்துக்கு அபராதம் விழும் என்பதால் நடந்ததை மாற்றி எழுதினார்கள் என்பதும் ஒன்று. அந்த ஆண்டு ஜூலையில் அரசே மையத்தின் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. உண்மையை எழுதினால் நஷ்டம் என்று ஆகிவிட்ட இடத்தில் கேமராவும் பதிவேடும் எதற்கு உதவும்? அங்கே மேற்பார்வையாளர்கள் படிவங்களைப் பார்த்தார்கள். படிவங்கள் சரியாகவே இருந்தன.

அமெரிக்காவில் மிசூரி மாநிலம் வேறு மாதிரி செய்தது. பூன்வில் என்ற ஊரில் இருந்த பெரிய சிறார் பயிற்சிப் பள்ளியை 1983இல் மூடிவிட்டு, பிள்ளைகளின் ஊருக்கு அருகில் சிறு சிறு இல்லங்களாகப் பிரித்தார்கள். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஒரு குழு, அந்தக் குழுவோடு எப்போதும் அதே ஊழியர்கள். நம் ஊரில் உடனே நடக்கக்கூடியது அல்ல. ஆனாலும் அதே முகம் திரும்பத் திரும்ப வருவது பிள்ளைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

இரண்டாவது முறை நாங்கள் போனது ரமளானில். பையன் நோன்பு வைத்திருந்தான். சஹருக்கு என்ன செய்கிறாய் என்று கேட்டோம். இல்லத் தந்தைகளில் ஒரு பெரியவர், ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், ராத்திரிச் சாப்பாட்டிலிருந்து ஒரு டிபன் பாக்ஸில் எடுத்து மூடி வைத்து, நாலு மணிக்குத் தானே எழுப்பிக் கொடுக்கிறார் என்றான். அவர் முஸ்லிம் இல்லை. யாரும் அவரிடம் சொல்லவும் இல்லை. "அந்த ஐயா டூட்டியில இருந்தா யாரும் பாயைப் பிடுங்க மாட்டாங்க ஹஜ்ரத். நடுவுல நடுவுல எழுந்து வந்து பாப்பாரு." அவர் எத்தனை நாள் ராத்திரி டூட்டி என்று கேட்டேன். வாரத்தில் இரண்டு நாள். மற்ற நாள் சஹர்? தண்ணீர் குடித்துவிட்டு நிய்யத் வைத்துக்கொள்வதாகச் சொன்னான். அவன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தப் பெரியவர் நல்லவர் என்பதால் செய்கிறார். மேலே உள்ளவர் அதைக் கவனித்து, மற்ற ஐந்து ராத்திரியும் அதே போல நடக்க ஏற்பாடு செய்தால் அதுதான் நிர்வாகம். கண்காணிப்பாளர் இல்ல வளாகத்திலேயே, இடம் இல்லையென்றால் மிக அருகிலேயே, தங்க வேண்டும் என்று மாதிரி விதிகள் சொல்வது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்குச் சொல்லாமல் வந்து ஒரு சுற்றுச் சுற்றுகிற கண்காணிப்பாளரின் கீழ் வேலை செய்கிறவர்கள் வேறு மாதிரி இருப்பார்கள். ஒரு ஷிப்ட் முடித்துப் போகிறவர் அடுத்து வருகிறவரிடம், இந்தப் பையனுக்கு இன்று நீதிக் குழுமத்தில் ஜாமீன் மறுக்கப்பட்டது, இவன் மதியம் சாப்பிடவில்லை, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகும் வழக்கம் இருந்தால் பாதிச் சண்டை வராது. கைகலப்பு நடந்துவிட்டால் அன்றே எழுத வேண்டும். பார்த்த ஊழியர்கள் தனித்தனியாக எழுத வேண்டும். பிள்ளை சொல்வதையும் அவன் வார்த்தையிலேயே எழுத வேண்டும். 'என்னால் இன்று முடியவில்லை, வேறு ஆளைப் போடுங்கள்' என்று ஓர் ஊழியர் பயமில்லாமல் சொல்ல முடிய வேண்டும். ஒப்பந்தச் சம்பளத்தில் இருப்பவர் அப்படிச் சொன்னால் அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று பயப்படுவார். சிறைவைக்கப்பட்ட சிறார் குறித்து ஐ.நா. பொதுச் சபை 1990இல் ஏற்ற விதிகள், ஊழியர்களைக் கவனமாகத் தேர்ந்தெடுத்து, நல்ல சம்பளமும் பயிற்சியும் தரவேண்டும் என்பதையும், அங்கே ஊழியர் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்பதையும் ஒரே மூச்சில் பேசுகின்றன.

வெளியே இருந்து பார்க்க வேண்டியவர்களும் சட்டத்தில் உண்டு. இளைஞர் நீதிக் குழுமம் மாதம் ஒரு முறையாவது இல்லத்துக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். மாவட்ட ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை; குறைந்தது மூன்று பேர், அதில் ஒருவர் பெண், ஒருவர் மருத்துவர். பிள்ளைகள் புகார் எழுதிப் போட ஒரு பெட்டி, அலுவலகத்திலிருந்து தள்ளி, அவர்கள் படுக்கும் இடத்துக்கு அருகில் இருக்க வேண்டும். அதன் சாவி கண்காணிப்பாளரிடம் இருக்கக் கூடாது. மேலாண்மைக் குழுவின் தலைவரிடம் இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை, பிள்ளைகள் குழுவின் முன்னிலையில் திறக்க வேண்டும். நாங்கள் போன இடத்தில் பெட்டி இருந்தது. அலுவலக வாசலில், வருகைப் பதிவேட்டு மேசைக்கு மேலே. அங்கே வந்து கடிதம் போடுகிற பிள்ளையை எல்லோரும் பார்ப்பார்கள்.

மீறினால் தண்டனையும் இருக்கிறது. பிள்ளைகளைப் பராமரிக்கும் பொறுப்பில் உள்ள நிறுவனத்தின் ஊழியர் கொடுமை செய்தால், 75ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும். 'ஒழுங்குபடுத்த அடித்தேன்' என்ற சாக்குக்கு 82ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. முதல் முறைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் என்பது எனக்குக் குறைவாகவே படுகிறது. ஆனால் அதே பிரிவில், குற்றம் நிரூபணமான ஊழியரை வேலையிலிருந்து நீக்கவும், அதன் பின் பிள்ளைகளோடு நேரடியாக வேலை செய்யாமல் தடுக்கவும் இடமிருக்கிறது. விசாரணைக்கு ஒத்துழைக்காத நிர்வாகப் பொறுப்பாளருக்கு மூன்றாண்டுக்குக் குறையாத சிறை என்றும் இருக்கிறது. அடித்தவனைவிட மறைத்தவனுக்குக் கடுமை. இந்தக் கணக்கை எழுதியவர்களுக்கு நிர்வாகங்களைப் பற்றி ஏதோ தெரிந்திருக்கிறது.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது: வெட்கப்பட்டுக்கொண்டு பார்க்கப் போகாமல் இருந்துவிடாதீர்கள். 'நாலு நாள் அங்கே கிடந்தால்தான் புத்தி வரும்' என்று சொல்கிற அத்தாக்கள் நம் சமுதாயத்தில் நிறையப் பேர். யாரும் பார்க்க வராத பிள்ளை எது என்பது உள்ளே எல்லோருக்கும் தெரிந்துவிடும். போகும்போது 'அடிச்சாங்களா' என்று எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். ராத்திரி யார் டூட்டி, எங்கே படுக்கிறாய், பக்கத்தில் யார், உடம்பு சரியில்லை என்றால் யாரைக் கூப்பிடுவாய் என்று கேளுங்கள். ஊழியர்களின் பெயரைத் தெரிந்துகொண்டு, நல்லவராக இருப்பவருக்கு நன்றி சொல்லுங்கள். காயம் தெரிந்தால் தேதி போட்டு எழுதி, இளைஞர் நீதிக் குழுமத்துக்கும் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் கொடுங்கள். 1098 என்ற எண்ணில் குழந்தைகள் உதவி மையம் இருக்கிறது. வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு. பிள்ளைகளுக்கு இலவசம், எண் 15100. ஜாமீன் விஷயத்தில், ஜாமீனில் விட முடியாத வழக்காக இருந்தாலும் பிள்ளையை விடுவதுதான் பொது விதி. கெட்ட சகவாசம், ஆபத்து போன்ற சில காரணங்கள் இருந்தால் மட்டுமே மறுக்கலாம். வீட்டில் அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று குழுமத்துக்குக் காட்டுவது நம் கையில் இருக்கிறது. அந்த பாய் முதல் விசாரணைக்கு வேலைக்கு லீவு போட முடியாமல் போகவில்லை. இரண்டாவது முறை ஜமாஅத் செயலாளரும் கூடப் போனார். ஐந்து வாரத்தில் பையன் வீட்டுக்கு வந்தான். பெருநாள் தொழுகைக்குக் கடைசி ஸஃப்பில் நின்றான்.

ஜமாஅத்தில் பேசி, எங்களில் இரண்டு பேர் அந்த இல்லத்தில் வாரம் ஒரு மாலை பிள்ளைகளுக்குத் தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுக்க அனுமதி கேட்டு மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுத்திருக்கிறோம். எல்லாப் பிள்ளைகளுக்கும்தான், நம் பிள்ளைகளுக்கு மட்டும் அல்ல என்று மனுவில் தெளிவாக எழுதியிருக்கிறோம். புகார்ப் பெட்டியை இடம் மாற்றச் சொல்லித் தனியாக ஒரு கடிதமும் கொடுத்தோம். பெட்டி பற்றிய கடிதத்துக்கு ஒப்புதல் சீட்டு மட்டும் வந்திருக்கிறது. மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது.